பள்ளி மைதானத்துக்கு டர்ஃப் போடலாமா? கரிசல் மண், 31 லட்சம், நாலு பக்கமும் ஆளுக்கொரு யோசனை

98 பேட்ச் எழுதியது:

விருதுநகர் மாவட்டத்தில் ஒரு அரசு உதவி பெறும் மேல்நிலைப் பள்ளி, பெயர் வேண்டாம். நான் அங்கே 98இல் பிளஸ் டூ முடித்தவன். எங்கள் பேட்ச்சும் முன்னே பின்னே நாலைந்து பேட்ச்சும் சேர்ந்து வாட்ஸ்அப்பில் பேசிப் பேசி ஒரு வழியாக 31 லட்சம் சேர்த்துவிட்டோம். துபாய், சிங்கப்பூரில் இருப்பவர்கள்தான் அதிகம் கொடுத்தார்கள். கழிப்பறை, ஸ்மார்ட் கிளாஸ் என்று ஆளுக்கொன்று சொன்னார்கள், கடைசியில் மைதானத்துக்கு டர்ஃப், அதாவது பிளாஸ்டிக் புல் தரை, போடுவது என்று முடிவானது.

மைதானம் மொத்தம் இரண்டு ஏக்கருக்குக் கொஞ்சம் குறைவு. வெயில் காலத்தில் பாளம் பாளமாக வெடிக்கும், மழைக் காலத்தில் செருப்பைப் பிடித்துக்கொள்ளும், மீதி நாளெல்லாம் நெருஞ்சி முள். நாங்கள் விளையாடிய காலத்திலும் இதே கதிதான். ஒரு கம்பெனிக்காரர் வந்து அளந்து பார்த்துவிட்டு 180க்கு 120 அடி, அதாவது 21,600 சதுர அடிக்கு செவன்ஸ், அதாவது பக்கத்துக்கு ஏழு பேர் ஆடும் ஃபுட்பால் மைதானம் போட்டுத் தருகிறேன், சதுர அடி 160 ரூபாய், அடித்தளம், 50 மி.மீ. புல், புல்லுக்கு நடுவே தூவும் மணல், ரப்பர் குருணை எல்லாம் அடக்கம் என்று கொட்டேஷன் கொடுத்திருக்கிறார். கணக்குப் போட்டால் 34.56 லட்சம், கையில் இருப்பதைவிடக் கூட. லைட்டும் வலையும் தனி. ஃபுட்பால், ஹாக்கி, கிரிக்கெட் எல்லாம் ஆடலாம், பத்து வருஷத்துக்குத் தண்ணீரும் வேண்டாம் பராமரிப்பும் வேண்டாம் என்கிறார்.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் போன வாரம் எங்கள் பழைய பி.டி. வாத்தியாரைப் பார்க்கப் போய் விஷயத்தைச் சொன்னேன், அவர் ஒன்றும் பேசாமல் காபியைக் குடித்து முடித்துவிட்டு "மத்தியானம் பன்னிரண்டு மணிக்கு அதுமேல நின்னு பாத்திருக்கியா?" என்று மட்டும் கேட்டார். அதிலிருந்து தூக்கம் வரவில்லை. போட்டவர்கள், பார்த்தவர்கள், ஆடியவர்கள் யாராவது சொல்லுங்கள்.

*

அளவுநாடா எழுதியது:

சிவில் வேலை பார்ப்பவன், டர்ஃப் வியாபாரி இல்லை. இரண்டு மைதானத்துக்கு அடித்தளம் போட்டுக் கொடுத்திருக்கிறேன், அதை வைத்துச் சொல்கிறேன்.

முதலில் அந்தக் கொட்டேஷனை எடுத்து அடித்தளம் என்ற வரியில் எத்தனை அங்குலம் எழுதியிருக்கிறது என்று பாருங்கள். நாலு அங்குலம் ஜல்லி, அதன்மேல் கிரஷர் தூள் என்று இருந்தால், கரிசலில் இரண்டு மழைக்குத் தாங்காது. கரிசல் மண் தண்ணீர் குடித்தால் உப்பும், காய்ந்தால் சுருங்கி வெடிக்கும், இது உங்களுக்கு நான் சொல்லவே வேண்டாம், அந்த வெடிப்பில் பந்து சிக்கி நீங்களே நோண்டி எடுத்திருப்பீர்கள். மேலே என்ன கம்பளம் விரித்தாலும் கீழே மண் ஏறி இறங்கினால் கம்பளமும் ஏறி இறங்கும். முதலில் அலை அலையாகத் தெரியும், பிறகு ஒட்டுப்போட்ட இடம் வாய் பிளக்கும். அதனால் குறைந்தது இரண்டடி தோண்டி கரிசலை வெளியே எடுத்துவிட்டு, நல்ல கிராவல் கொட்டி, அரை அடிக்கு ஒரு முறை தண்ணீர் விட்டு ரோலர் ஓட்டி ஏற்றிக்கொண்டு வர வேண்டும். உங்கள் 21,600 சதுர அடிக்கு இரண்டடி என்றால் 43,200 கன அடி. ஒரு டிப்பர் மூன்று யூனிட், அதாவது 300 கன அடி என்று வைத்தால் 144 லோடு மண் வெளியே போக வேண்டும், உள்ளே வர வேண்டியது ரோலரில் அமுங்கும் என்பதால் அதைவிடக் கூடும். 160 ரூபாயில் இதெல்லாம் அடங்கும் என்று எனக்குத் தோன்றவில்லை.

அடுத்தது சரிவு. நூறு அடிக்கு அரை அடி முதல் ஒரு அடி வரை வாட்டம் வேண்டும், ஓரத்தில் துளை போட்ட குழாய் புதைத்து வாய்க்காலுக்குக் கொண்டுபோக வேண்டும். தண்ணீர் டர்ஃப் வழியாக இறங்கிவிடும் என்பார்கள். இறங்கும், இறங்கின தண்ணீர் எங்கே போகும்? கீழே கரிசல் இருந்தால் அதுதான் குடிக்கும், குடித்தால் மேலே சொன்னதுதான்.

வெயில் விஷயத்தில் உங்கள் வாத்தியார் கேட்டது சரியான கேள்வி. அமெரிக்காவில் பிரிகாம் யங் பல்கலைக்கழக மைதானத்தில் 2002இல் அளந்திருக்கிறார்கள். டர்ஃப் மேல்பரப்பு அதிகபட்சம் 93 டிகிரி செல்சியஸ் வரை போயிருக்கிறது, பக்கத்தில் இருந்த தார்ப்பரப்பைவிட அதிகம். தண்ணீர் தெளித்ததும் 79இலிருந்து 29க்கு இறங்கியது, ஐந்தே நிமிடத்தில் 49, இருபது நிமிடத்தில் 73. அதற்குத் தெளித்த தண்ணீர் வேறு தண்டம். உங்கள் டர்ஃப் பரப்பு கிட்டத்தட்ட 2,000 சதுர மீட்டர், மூன்று மி.மீ. நனைக்கவே 6,000 லிட்டர், ஒரு டேங்கர். இருபது நிமிடத்துக்கு ஒரு டேங்கர்! "தண்ணீரே வேண்டாம்" என்று சொன்னவரிடம் இதைக் கேளுங்கள்.

*

ரெண்டாவது ஷிஃப்ட் எழுதியது:

கோவையில் ஃபைவ்ஸ் டர்ஃப் நடத்துகிறேன், ஐந்து வருஷம் ஆகிறது. டர்ஃப் என்றாலே ஏதோ விஷம் மாதிரிப் பேசுகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கொஞ்சம் கோபம் வரும். என் டர்ஃபில் ராத்திரி எட்டு மணிக்கு ஆபீஸ் முடிந்து பெண்கள் வந்து ஆடுகிறார்கள், மழை நின்ற அரை மணி நேரத்தில் பந்து உருள்கிறது, விழுந்தால் கல் குத்துவதில்லை. இயற்கைப் புல் மைதானத்தில் வாரத்துக்கு இருபது, இருபத்தைந்து மணி நேரத்துக்கு மேல் ஆடினால் புல் செத்துப்போகும். நான் வாரத்துக்கு அறுபது மணி நேரம் ஓட்டுகிறேன். இடம் சின்னது, ஆள் அதிகம் என்றால் டர்ஃப் தவிர வழியில்லை.

ஆனால் உண்மையையும் சொல்லிவிடுகிறேன். காலை பதினொன்று முதல் மாலை நாலு வரை எனக்குப் புக்கிங்கே கிடையாது. பாதி விலைக்குக் கொடுத்தும் பார்த்தேன், யாரும் வருவதில்லை, காலேஜ் பையன்கள் ஒரு தடவை வந்துவிட்டு ஷூ அடி சுடுகிறது என்று பத்து நிமிடத்தில் போய் நிழலில் உட்கார்ந்துவிட்டார்கள். நான் டர்ஃபை ஓட்டுவது விடியற்காலையிலும் லைட் வெளிச்சத்திலும்தான். உங்கள் பள்ளிக்கூடம் நடப்பது நான் கடையை மூடி வைத்திருக்கிற நேரத்தில். அதை யோசியுங்கள்.

பராமரிப்பு வேண்டாம் என்பது சுத்தப் பொய். வாரம் ஒரு முறை பிரஷ் போட்டு இழுக்காவிட்டால் புல் படுத்துவிடும், படுத்த புல் மறுபடி நிமிராது. ரப்பர் குருணை ஷூவோடும் சாக்ஸோடும் வெளியே போய்க்கொண்டே இருக்கும், நான் வருஷத்துக்கு ஒரு முறை மூட்டை வாங்கி நிரப்புகிறேன். கோல் போஸ்ட் முன்னால் இருக்கிற இடம்தான் முதலில் மொட்டையாகும், எனக்கு மூன்றாவது வருஷமே ஒட்டுப்போட வேண்டி வந்தது. தீபாவளிக்கு ஒரு பையன் உள்ளே வந்து சங்குசக்கரம் விட்டான், தட்டு அளவுக்கு உருகி ஓட்டை. உங்கள் ஊர்ப் பக்கம் பட்டாசுக்குச் சொல்லவே வேண்டாம்.

எட்டு, பத்து வருஷத்தில் மேல் கம்பளத்தை மாற்றித்தான் ஆக வேண்டும். அப்போது பேட்ச்சில் யார் பணம் தருவார்கள் என்று இப்போதே கேட்டு வையுங்கள்.

*

ஓய்வுபெற்ற விசில் எழுதியது:

முப்பது வருஷம் உடற்கல்வி ஆசிரியராக இருந்தேன், அதில் பதினோரு வருஷம் கோவில்பட்டி பக்கம். தம்பி, அந்தக் கம்பெனிக்காரர் ஹாக்கியும் ஆடலாம் என்று சொன்ன இடத்திலேயே அவரை வாசலோடு அனுப்பியிருக்க வேண்டும். ஹாக்கி டர்ஃப் வேறு, ஃபுட்பால் டர்ஃப் வேறு. ஹாக்கிக்குப் புல் நீளம் பன்னிரண்டு, பதின்மூன்று மி.மீ.தான் இருக்கும், அடர்த்தியாக இருக்கும், உள்ளே ரப்பர் கிடையாது, ஆடும் முன் தண்ணீர் அடித்து நனைப்பார்கள். 50 மி.மீ. ஃபுட்பால் டர்ஃபில் ஹாக்கிப் பந்தை அடித்தால் புல்லுக்குள் போய்ப் படுத்துக்கொள்ளும். கிரிக்கெட் டென்னிஸ் பந்தில் ஆடலாம், அவ்வளவுதான்.

ஹாக்கி ஒன்றில் மட்டும் டர்ஃப் வேண்டுமா என்ற கேள்விக்கே இடமில்லை. 1975இல் உலகக் கோப்பை வாங்கிய நாம், மறு வருஷம் மாண்ட்ரியல் ஒலிம்பிக்கில் முதல்முறையாகச் செயற்கைத் தரையில் ஆட்டம் வைத்தபோது ஏழாவது இடத்துக்குப் போனோம். மண்ணில் ஆடிப் பழகிய கைக்குப் பந்து வருகிற வேகம் பிடிபடவில்லை. தோற்றதற்கு அது மட்டும்தான் காரணம் என்று நான் சொல்ல மாட்டேன், ஆனால் எங்கள் பையன்கள் ஜில்லா டீமுக்குத் தேர்வாகி முதல்முறை டர்ஃபில் இறங்கும்போது முழித்த முழியைப் பார்த்தவன் நான். கோவில்பட்டிக்கு டர்ஃப் வந்த பிறகுதான் அந்த முழி போனது. 2025 கடைசியில் ஜூனியர் உலகக் கோப்பையே மதுரையிலும் சென்னையிலும் நடந்தது, அதற்கெல்லாம் டர்ஃப் வேண்டும்தான். அது அரசாங்கம் போட வேண்டியது, ஜில்லாவுக்கு ஒன்று இரண்டு. பள்ளிக்கூடத்துக்குப் பள்ளிக்கூடம் போடுவதற்கில்லை.

ஒரு கதை சொல்கிறேன். ஆஸ்ட்ரோ டர்ஃப் என்று ஏன் பெயர் வந்தது தெரியுமா? அமெரிக்காவில் ஹூஸ்டன் நகரத்தில் ஆஸ்ட்ரோடோம் என்று கூரை போட்ட ஸ்டேடியம் கட்டினார்கள். கூரையில் பதித்த, வெளிச்சம் புகும் பிளாஸ்டிக் பலகை கூசுகிறது, பந்து தெரியவில்லை என்று ஆட்டக்காரர்கள் சொன்னதும் பலகைக்குப் பெயின்ட் அடித்தார்கள். வெயில் இல்லாமல் புல் செத்தது. 1966இல் பிளாஸ்டிக் புல்லைக் கொண்டுவந்து விரித்தார்கள். வெயில் கிடைக்காத இடத்துக்கு வந்த சரக்கு அது. அதை வெயிலைத் தவிர வேறொன்றும் கிடைக்காத விருதுநகர் ஜில்லாவுக்குக் கொண்டுவருகிறீர்கள்.

அப்புறம், உங்கள் பள்ளியில் ஃபுட்பால் ஆடுகிறவர்கள் எத்தனை பேர்? கபடி எத்தனை, கோ-கோ எத்தனை? கோ-கோ கம்பத்தை டர்ஃபில் எங்கே நடுவீர்கள்? கபடியில் விழுந்து புரளும் பிள்ளைகளுக்கு முழங்கையும் முட்டியும் உரிந்துபோகும், அந்தத் தேய்ப்புக் காயம் லேசில் ஆறாது. பாதிப் பிள்ளைகள் வெறுங்காலில் ஆடுகிறவர்கள். ஆண்டு விழாவுக்கு ஷாமியானா போட கடப்பாரையால் குழி தோண்டுவார்களே, அவர்களிடம் யார் போய்ச் சொல்வது? நான் சொல்லிப் பார்த்திருக்கிறேன், சிமெண்ட் தளத்திலேயே தோண்டினவர்கள் அவர்கள்.

*

மீனா அம்மா எழுதியது:

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். என் மகள் படிக்கும் பள்ளியில் போன வருஷம் டர்ஃப் போட்டார்கள். தினமும் சாக்ஸிலிருந்து ஒரு கைப்பிடி கறுப்புக் குருணை கொட்டுகிறது, வாஷிங் மெஷின் ஃபில்டர் முழுக்க அதுதான். பழைய டயரை அரைத்தது, கேன்சர் வரும் என்று ஒரு வீடியோ சுற்றுகிறதே, உண்மையா? பள்ளியில் கேட்டால் "இம்போர்ட்டட் மேடம்" என்கிறார்கள்.

*

அளவுநாடா எழுதியது:

மீனா அம்மா, பழைய டயர் என்பது உண்மை. கேன்சர் என்று யாரும் நிரூபிக்கவில்லை. அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமை பல வருஷம் ஆராய்ந்து 2024இல் வெளியிட்ட அறிக்கையில், குருணையில் ரசாயனங்கள் இருக்கின்றன, ஆனால் ஆடுகிறவர்கள் உடம்புக்குள் போகிற அளவு குறைவாகத்தான் தெரிகிறது என்று சொல்லியிருக்கிறார்கள். அதற்காகப் பயமே இல்லை என்று அடித்துச் சொல்லவும் மாட்டேன். சின்னப் பிள்ளைகள் வாயில் போடாமல், ஆடி முடித்ததும் கை கழுவிவிட்டுச் சாப்பிடச் சொல்லுங்கள், சாக்ஸை வாசலிலேயே உதறச் சொல்லுங்கள்.

ஐரோப்பாவில் இந்தக் குருணைக்குத் தடை கொண்டுவந்ததற்குக் காரணம் வேறு. அது மைக்ரோ பிளாஸ்டிக். மழையில் அடித்துக்கொண்டு போய் ஆற்றிலும் கடலிலும் சேர்கிறது, திரும்ப எடுக்க முடியாது. 2023 செப்டம்பரில் சட்டம் போட்டு, ஏற்கெனவே இருக்கிற மைதானங்களுக்காக எட்டு வருஷம் அவகாசம் கொடுத்திருக்கிறார்கள், 2031 அக்டோபருக்குப் பிறகு அங்கே அதை விற்க முடியாது. பதிலுக்குத் தக்கை, தேங்காய் நார் என்று போட்டுப் பார்க்கிறார்கள். நம் ஊரில் இதைப் பற்றி யாரும் கேட்பதே இல்லை. "இம்போர்ட்டட்" என்றால் எங்கிருந்து, எதனால் செய்தது, சோதனைச் சான்றிதழ் எங்கே என்று எழுத்தில் கேளுங்கள்.

98 பேட்ச், உங்கள் மைதானத்துத் தண்ணீர் எந்தக் கண்மாய்க்குப் போகிறது?

*

தாம்பரம் தாண்டி எழுதியது:

எல்லோரும் மண்ணையும் புல்லையும் பேசுகிறீர்கள், சாவி யாரிடம் இருக்கும் என்று யாரும் கேட்கவில்லை. டர்ஃப் போட்டால் வேலி வரும், வேலி வந்தால் பூட்டு வரும், பூட்டு வந்தால் கட்டணம் வரும். சென்னை மாநகராட்சி 2024 அக்டோபரில் தன்னுடைய ஒன்பது டர்ஃப் மைதானங்களைத் தனியாருக்குக் கொடுத்து, ஆளுக்கு மணிக்கு 120 ரூபாய் வாங்கலாம் என்று தீர்மானம் போட்டது. ஏழைப் பிள்ளைகள் ஓசியில் ஆடிக்கொண்டிருந்த இடம். எதிர்ப்பு கிளம்பியதும் சில நாளில் கைவிட்டார்கள், ஆனால் அந்த யோசனை ஏன் வந்தது என்று பாருங்கள், பராமரிக்கப் பணம் வேண்டும், அதனால் வந்தது. உங்கள் பள்ளியிலும் மூன்றாவது வருஷம் ஒட்டுப்போடப் பணமில்லாமல், சாயங்காலம் வெளி ஆட்களுக்கு வாடகைக்கு விடலாம் என்று ஒருவர் ஆரம்பிப்பார். காலை பதினொன்று முதல் மாலை நாலு வரை அதில் ஆட ஆளே வருவதில்லை என்று மேலே கோவைக்காரர் சொல்கிறார். அப்போது பள்ளிப் பிள்ளைகளுக்கு மத்தியானச் சூடு, வெளியாட்களுக்குச் சாயங்காலக் காற்று.

*

ரெண்டாவது ஷிஃப்ட் எழுதியது:

தாம்பரம், உங்கள் கோபம் புரிகிறது, ஆனால் சும்மா கிடக்கிற நேரத்தில் வாடகைக்கு விட்டு அந்தப் பணத்தை மைதானத்துக்கே போட்டால் தப்பில்லை. கணக்கு ஒழுங்காக இருந்தால் போதும். ஒழுங்காக இருக்குமா என்பது வேறு விஷயம்.

*

98 பேட்ச் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போய்விட்டு வந்தேன்.

கொட்டேஷனில் அடித்தளம் மூன்று அங்குலம். நாலுகூட இல்லை. கரிசலை எடுப்பது பற்றி ஒரு வரி இல்லை. கம்பெனிக்காரருக்குப் போன் போட்டு ஹாக்கி எப்படி ஆடுவது என்று கேட்டேன், "அட்ஜஸ்ட் பண்ணிக்கலாம் சார்" என்றார்.

தண்ணீர் பள்ளிக்குப் பின்னால் ஓடை வழியாக எங்கள் ஊர்க் கண்மாய்க்குத்தான் போகிறது. அதில்தான் மீன் குத்தகை விடுகிறார்கள். இதை நான் யோசிக்கவே இல்லை.

பெண்கள் கோ-கோ டீம் ஜில்லா அளவில் இரண்டு தடவை ஜெயித்திருக்கிறது, அது எனக்கு அங்கே போய்தான் தெரிந்தது. அந்தப் பிள்ளைகளிடம் மைதானத்துக்கு என்ன வேண்டும் என்று கேட்டேன். ஒருத்தி உடனே "லைட்டு சார்" என்றாள். இன்னொருத்தி தயங்கித் தயங்கி, உடை மாற்ற ஒரு ரூம், தண்ணீர் வருகிற பாத்ரூம் என்றாள். டர்ஃப் பற்றி நானேதான் எடுத்துக் கேட்டேன், "கம்பம் நட விடுவாங்களா சார்?" என்று இங்கே விசில் சார் கேட்ட கேள்வியையே கேட்டார்கள்.

குரூப்பில் போட்டேன். சண்டைதான். துபாய்க்காரர் ஒருவர், "போட்டோல பச்சையா தெரியணும்டா, வெறும் மண்ணுக்கா நான் ரெண்டு லட்சம் குடுத்தேன்" என்கிறார். புல்லே வளர்த்தால் என்ன என்று இன்னொருவர் கேட்கிறார். அதற்கு எவ்வளவு தண்ணீர் பிடிக்கும்?

*

அளவுநாடா எழுதியது:

கோடையில் ஒரு நாளைக்கு ஐந்து மி.மீ. என்று வைத்தாலும் 2,000 சதுர மீட்டருக்குப் பத்தாயிரம் லிட்டர். போர்வெல்லில் வருகிறதா? வராது என்றால் விடுங்கள். வளர்ப்பதானால் காசு கொடுத்து வெளியூர்ப் புல் வாங்க வேண்டாம், ஸ்டேடியங்களில் பெர்முடா புல் என்கிறார்களே, அது நம் அருகம்புல் ஜாதிதான், கொஞ்சம் மெருகேற்றியது. பிள்ளையாருக்கு வைப்பது. ஓரத்தில் பத்தடி அகலத்துக்கு வையுங்கள், துபாய்க்காரருக்குப் போட்டோ எடுத்துவிடலாம்.

என் யோசனை இது. மேல் கரிசலை ஒன்றரை அடி எடுத்துவிட்டு, முழு மைதானத்துக்கும் முடியாவிட்டால் கபடி, கோ-கோ, வாலிபால் பக்கம் மட்டுமாவது, கிராவலும் அதன்மேல் நாலு அங்குலம் சலித்த செம்மண்ணும் போட்டு ரோலர் ஓட்டுங்கள். சுற்றி வாய்க்கால். நாலு மூலையில் உயரமான கம்பத்தில் எல்.இ.டி. லைட். மேற்குப் பக்கம் வேம்பும் புங்கையும் வையுங்கள், ஆறேழு வருஷத்தில் சாயங்கால வெயிலை மறைக்கும். எடுத்த கரிசலை வீணாக்க வேண்டாம், விவசாயிகள் வந்து அள்ளிக்கொண்டு போவார்கள், லோடு செலவு பாதி மிச்சம். அந்தப் பிள்ளைகள் கேட்ட அறைக்கும் பாத்ரூமுக்கும் மீதி நிச்சயம் வரும்.

*

ஓய்வுபெற்ற விசில் எழுதியது:

செம்மண்ணில் சிறு கல்லில்லாமல் சலிக்கச் சொல்லுங்கள், சொன்னால் மட்டும் போதாது, பக்கத்தில் ஆள் நிற்க வேண்டும். கோ-கோ கம்பத்துக்கு இரும்புக் குழல் புதைத்து வைத்துவிட்டால் வேண்டும்போது நட்டு, வேண்டாதபோது எடுத்து மூடி போட்டுவிடலாம். ஷாமியானாக்காரனுக்கும் ஓரமாக அதே மாதிரி பத்து குழல் புதைத்துக் கொடுத்துவிடுங்கள், இல்லையென்றால் அவன் நடு மைதானத்தில் தோண்டுவான்.

ஃபுட்பால் பையன்கள் வருத்தப்படுவார்கள். அவர்களுக்கு ஜில்லா ஸ்டேடியத்துக்கு வாரம் ஒரு நாள் வேன் வைத்து அனுப்ப முடியுமா என்று பாருங்கள்.

*

98 பேட்ச் எழுதியது:

குழல் யோசனை அருமை சார், அதை எச்.எம். காதில் போட்டதுமே சிரித்துவிட்டார். குரூப்பில் இன்னும் ஏழு பேர் டர்ஃப்தான் என்கிறார்கள், அடுத்த ஞாயிறு ஓட்டு. மண் எடுக்கிற வேலையை எந்த மாதம் ஆரம்பிப்பது?

*

அளவுநாடா எழுதியது:

பரீட்சை முடிந்ததும், சித்திரையில். ரோலர் வேலை ஆடிக்குள் முடிந்துவிட வேண்டும், ஐப்பசி மழை பிடித்துக்கொண்டால் டிப்பர் உள்ளேயே மாட்டிக்கொள்ளும். அதற்கு முன் நடுவில் ஒரு இடம், ஓரத்தில் ஒரு இடம், மூன்றடிக்குக் குழி வெட்டி கரிசல் எவ்வளவு ஆழம் போகிறது என்று போட்டோ எடுத்துப் போடுங்கள், பார்த்துவிட்டு லோடு கணக்குச் சொல்கிறேன்.